நான்காம் பக்கத்தில் கிடந்த அறிவித்தல்

எங்கள் களத்தில் எது மேலே நிற்பது, எது கீழே போவது என்பதைப் பதினோரு வருடங்களாக நான் தீர்மானித்துக்கொண்டிருந்தேன். களம் என்றால் சண்டைக்களம் என்று நினைக்க வேண்டாம். சில நாட்களில் அதுவும்தான். ஜேர்மனியில் இருக்கும் எங்கள் ஆட்கள் கூடிக் கதைக்கிற ஓர் இணையத்தளம் அது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர்களுக்கு வேறு எத்தனையோ இருக்கின்றன. ஐம்பது தாண்டிய நாங்கள்தான் இன்னும் வந்துபோகிறோம். அலுவலகத்திலிருந்து விளங்காத கடிதம் வந்தால் கேட்க வருவோம், ஊன்ட்றொப் கோயில் திருவிழாவுக்குக் காரில் இடம் பிடிக்க வருவோம், செத்தது யார் என்று பார்க்க வருவோம்.

நான் அங்கே மட்டுறுத்துநர். அந்தச் சொல்லை என் மனைவி ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. "உங்கட பொலிஸ் உத்தியோகம்" என்பாள். என் உண்மையான உத்தியோகம் கெல்சென்கிர்ச்சனில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில். விடிய ஐந்தரைக்குப் போய்த் தட்டுகளில் பாணும் சீஸும் ஜாமும் அடுக்கி அனுப்புவேன். எந்த நோயாளிக்கு உப்பில்லாமல், எவருக்கு இனிப்பில்லாமல் என்று சீட்டு வரும், சீட்டில் இருக்கிறபடி செய்ய வேண்டும். என்னிடம் யாரும் ஒரு அபிப்பிராயம் கேட்பதில்லை. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் இருந்தால் கதையே வேறு. "அண்ணை, என்ர திரியைக் கொஞ்சம் மேல விடுங்கோ", "அண்ணை, அவர் என்னை ஏசிப்போட்டார், பூட்டுங்கோ" என்று பெட்டி நிறையச் செய்தி கிடக்கும். நான் ஆறுதலாக ஒவ்வொன்றாகத் திறப்பேன். சிலவற்றுக்கு வேண்டுமென்றே அடுத்த நாள் பதில் போடுவேன்.

"நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை" என்பாள் மனைவி. அவள் சொன்னது சரி என்று அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

களத்தின் ஒழுங்கு மிக எளிது. ஒவ்வொரு பேச்சும் ஒரு திரி. யாராவது ஒரு திரியில் பதில் எழுதினால் அது முதலிடத்துக்கு ஏறும். யாரும் எழுதாவிட்டால் மற்றவை ஏற ஏற அது இறங்கி, இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று போய்விடும். இரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்க்கிற பொறுமை எங்கள் ஆட்களில் பத்துக்கு ஒருவருக்கு இருந்தால் பெரிய காரியம். இந்த இயல்பான ஒழுங்கைக் குழப்ப மட்டுறுத்துநரிடம் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்றை அமத்தினால் திரி உச்சியிலேயே நிற்கும், அதைக் குத்தி வைப்பது என்போம். மற்றது அமிழ்த்துவது. அமிழ்த்திய திரியில் யார் எத்தனை பதில் எழுதினாலும் அது ஏறாது. எழுதுகிறவருக்கு இது தெரியவும் மாட்டாது. தன்னுடைய எழுத்தை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் எழுதிக்கொண்டே இருப்பார். விசர்க் கதை கதைக்கிறவர்களையும், ஒரே சண்டையை மூன்று வருடமாகப் பிடிக்கிறவர்களையும் அப்படித்தான் நாங்கள் சத்தமில்லாமல் முடிப்பது.

மரண அறிவித்தலுக்கு மட்டும் தனி மரியாதை. அது முப்பத்தோராம் நாள் வரைக்கும் உச்சியில் நிற்கும். சைவக்காரருக்கு அந்தியேட்டி, வேதக்காரருக்கு, அதாவது கிறிஸ்தவருக்கு, முப்பத்தோராம் நாள் பூசை, இரண்டுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தியது. அறிவித்தல் எப்படி இருக்க வேண்டும் என்று விதி நான்கை எழுதியதும் நான்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்புச் சகோதரர், இறுதியில் 'தகவல்' என்று போட்டு அறிவிப்பவரின் பெயர். எங்கள் ஆட்களுக்கு இது மனப்பாடம். பத்திரிகையிலும் வானொலியிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். பிறப்பிடம் இல்லாமல் வருகிற அறிவித்தலை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஊர் தெரியாமல் எங்கள் ஆட்களில் ஒருவர் எப்படிச் சாக முடியும் என்பது என்னுடைய எண்ணம்.

அந்த வருடம் ஊன்ட்றொப் திருவிழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் ஊரில் என் மாமனார் காலமானார். நல்ல மனிதர், தொண்ணூறு வயது, நித்திரையில் போனார். எனக்கு லீவு கிடைக்கவில்லை, மனைவி மட்டும் போனாள். அறிவித்தலை நான் எழுதினேன், குத்தி வைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் மனிதன். குத்தி வைத்த திரிகளுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, கடைசியாகப் பதில் வந்தது முதலில் நிற்கும். கோயிலுக்குக் கார் தேடுகிற திரியும் குத்தி இருந்தது. "டோர்ட்முண்டில இருந்து ரெண்டு பேருக்கு இடம் இருக்கோ" என்று யாராவது கேட்ட உடனே அது மாமாவுக்கு மேலே ஏறிவிடும். கனடாவிலிருந்து மச்சான் போன் எடுப்பான்.

"அத்தான், அப்பா ரெண்டாவதா நிக்கிறார்."

மச்சான் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால், செத்தவீட்டுக்குப் போகாத மருமகன் என்ற குறை எனக்கு இருந்தது. என்னிடம் இன்னொரு புனைபெயர் இருந்தது, முன்பு ஒருவனைப் பிடிப்பதற்காகத் திறந்தது. அந்தப் பெயரில் போய், என் மாமனாருக்கு நானே "ஆழ்ந்த இரங்கல்கள்" எழுதினேன். மாமா மேலே ஏறினார். பின்னேரம் யாரோ கார் கேட்டார்கள், மாமா இறங்கினார். நான் திரும்பவும் போய் "அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று எழுதினேன். ஐந்தாறு தரம் இப்படி. இதை எழுதும்போது முகம் சுடுகிறது. அப்போது சுடவில்லை, பெரிய கெட்டிக்காரத்தனம் செய்வதாகவே நினைத்தேன்.

அந்தக் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து பார்த்தபோது, குத்தியவற்றுக்கு நேர் கீழே ஒரு புதுத் திரி நின்றது. தலைப்பு: 'இறந்தவரோட ஃபேமிலி தேவை, அர்ஜென்ட்'. எழுதியவர் அன்றைக்குத்தான் களத்தில் சேர்ந்த ஒரு இந்தியத் தமிழ்ப் பெண்.

"ஹலோ. நான் கெல்சென்கிர்ச்சன்ல இருக்கேன். எங்க பில்டிங்ல தேர்ட் ஃப்ளோர்ல இருந்த ஒரு ஸ்ரீலங்கன் தமிழ் அங்கிள் இறந்துட்டார். தனியா இருந்தார், ஃபேமிலி யாருன்னு யாருக்கும் தெரியல. சிட்டி ஆபீஸ்ல கேட்டேன், ரிலேட்டிவ்ஸ் யாரும் வரலைன்னா பத்து நாளுக்குள்ள அவங்களே க்ரிமேட் பண்ணிடுவாங்களாம். வீட்ல மடு மாதான்னு எழுதின ஒரு படம் இருந்துச்சு, அதனால கிறிஸ்டியன்னு நினைக்கிறேன். கொஞ்சம் நொண்டி நடப்பார். லிஃப்ட்ல பார்த்தா, பிள்ளை சாப்பிட்டாச்சோன்னு கேட்பார். ப்ளீஸ், யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

அழைப்பு மணியில் ஒட்டியிருந்த பெயரையும் எழுதியிருந்தாள். தெருவின் பெயரையும். என் வீட்டிலிருந்து அது டிராமில் இரண்டாவது தரிப்பு.

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கொதி. அங்கிள் என்ன, அர்ஜென்ட் என்ன, இது மரண அறிவித்தல் எழுதுகிற முறையா என்று வந்தது. உடனே அடித்தேன்: "இது மரண அறிவித்தல் அல்ல. பிறப்பிடம், பெற்றோர், உறவினர் விபரம் இன்றி மரணச் செய்திகள் இங்கு இணைக்கப்பட மாட்டாது. விதி நான்கை வாசிக்கவும். தமிழில் எழுதவும்."

அவள் எழுதியது தமிழ்தான்.

"ஸாரி சார்" என்று பதில் வந்தது. "அவரோட நேட்டிவ் எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க யாராவது வந்தா சொல்லுவாங்கன்னுதான் போட்டேன்."

அதற்குள் மற்றவர்கள் பூந்துவிட்டார்கள். ஒருவர் "பாவம், எந்த ஊரோ" என்று எழுதினார். இன்னொருவர் "எங்களை ஸ்ரீலங்கன் எண்டு சொல்லாதேங்கோ பிள்ளை" என்று தொடங்கினார். அதற்கு ஒருவர் மறுப்பு, மறுப்புக்கு ஒரு மறுப்பு. செத்த மனிதரை விட்டுவிட்டு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் திரி மாமாவுக்குக் கீழே வந்து நின்றது. மச்சானிடமிருந்து போன் வந்தது.

"அத்தான், அப்பாவுக்குக் கீழ ஆரோ ஒரு அநாதைப் பிணம் கிடக்குது. இஞ்ச சொந்தக்காரர் எல்லாம் பாக்கினம். நல்லாயில்லை."

நான் அவனை ஏசவில்லை. "பாக்கிறன்" என்றேன். போனை வைத்துவிட்டு அமிழ்த்துகிற பொத்தானை அமத்தினேன். அப்போது நேரம் மாலை ஐந்து பத்து. அந்தத் திரி பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணித்தியாலம் முதல் பக்கத்தில் நின்றிருக்கிறது. நான் அன்றைக்குப் பல் வைத்தியரிடம் போயிருந்தால் இன்னும் இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கும்.

அமிழ்த்திய பிறகும் அவள் எழுதினாள். வியாழக்கிழமை ஒன்று: "கெல்சென்கிர்ச்சன்ல இருக்கிறவங்க யாராவது என்கூட சிட்டி ஆபீசுக்கு வர முடியுமா? என் ஜெர்மன் அவ்வளவு நல்லா இல்ல. நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு." மட்டுறுத்துநருக்கு அமிழ்ந்த திரியும் தெரியும். நான் வாசித்தேன். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை நாள் வேறு. "உந்தப் பிள்ளைக்கு வேற வேலையில்லை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு மூடினேன். வீட்டில் கேட்க ஒருவரும் இல்லை. அந்தத் திரி இரண்டாம் பக்கம் போனது, திருவிழாப் படங்கள் வரத் தொடங்க மூன்றாம் பக்கம், நான்காம் பக்கம். நான் அதை மறந்தேன். மனைவி ஊரிலிருந்து வந்தாள், மாமாவின் முப்பத்தோராம் நாள் முடிந்தது, அறிவித்தலை முறைப்படி கீழே விட்டேன்.

ஓகஸ்ட் கடைசியில் அந்த இந்தியப் பெண்ணிடமிருந்து தனிமடல் வந்தது. "சார், அந்த அங்கிளோட தங்கச்சி வந்துட்டாங்க. அந்த த்ரெட்ல எழுதி அஞ்சு நாளாச்சு, யாரும் ரிப்ளை பண்ணல. அக்கா ரொம்ப வருத்தப்படுறாங்க. ஒரு தடவை பாருங்க ப்ளீஸ்."

நான்காம் பக்கத்துக்குப் போனேன். கடைசிப் பதில் இந்த வரியோடு தொடங்கியது.

"இவர் என்ர அண்ணா."

ஐந்து நாள். அமிழ்த்தியதை நான் எடுக்கவில்லை, அதனால் அந்த வரியும் ஏறவில்லை. களத்தில் ஒரு குஞ்சும் அதைக் காணவில்லை.

எழுதிய பெண்ணை எனக்குத் தெரியும். நேரில் தெரியாது. பீலெஃபெல்டில் இருக்கிற மன்னார்ப் பெண், முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. சண்டைத் திரி எதற்குள்ளும் வரமாட்டார். ஆனால் யார் செத்தாலும், சைவமோ வேதமோ, தெரிந்தவரோ தெரியாதவரோ, இரங்கல் எழுதுவார். மட்டுறுத்துநருக்கு ஒவ்வொருவரும் வந்துபோன நேரம் தெரியும். நான் தேடிப் பார்த்தேன். வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து ஒவ்வொரு நாளும் காலை ஆறு பத்துக்கு வருவார், முதல் பக்கம் பார்ப்பார், போவார். நான் அமிழ்த்திய அடுத்த நாள் புதன்கிழமையும் ஆறு பத்துக்கு வந்திருக்கிறார். வந்து என் மாமாவின் திரியைத் திறந்திருக்கிறார். "ஆழ்ந்த அனுதாபங்கள். குடும்பத்தாருக்கு மாதா ஆறுதல் தரட்டும்" என்று எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய அண்ணன் பிணவறையில் இருந்தார். உடலைக் கேட்டு வாங்க இன்னும் ஒரு கிழமை இருந்தது.

அந்த வரிக்குக் கீழே அவர் ஒரு உதவியும் கேட்டிருந்தார், கெல்சென்கிர்ச்சன் மயானத்துக்குத் தன்னோடு வர யாராவது இருக்கிறார்களா என்று. நான் எழுதினேன், வாறன் என்று. இந்தத் தரம் உடனே எழுதினேன்.

சனிக்கிழமை மயான வாசலில் கண்டேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கறுப்புக் கோட், கையில் துணிப்பை. பக்கத்தில் அந்த இந்தியப் பெண் நின்றாள். என் மகளின் வயதுதான். நான் யாரென்று தெரிந்ததும் "சார்" என்று சிரித்தாள். விதி நான்கைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க ஏலவில்லை.

நடந்துகொண்டே தங்கச்சி கதை சொன்னார். அண்ணருக்குப் போனில் கதைக்கப் பிடிக்காது. நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்றைக்கு, ஒரு போன், பிறகு ஓகஸ்டில் கெவலார் மாதா யாத்திரையில் இருவரும் சந்திப்பது. ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில், மெழுகுதிரி விற்கிற கடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பாராம். இந்த வருடம் நிற்கவில்லை. போன் வேலை செய்யவில்லை. வீட்டுக்குப் போனால் மணியில் வேறு பெயர். மேல்மாடியிலிருந்து இந்தப் பிள்ளை இறங்கிவந்து சொல்லியிருக்கிறாள்.

"நகரசபைக்காரர் சொந்தக்காரரைத் தேடினவையாம் அண்ணை. எனக்குக் கலியாணத்துக்குப் பிறகு பேர் வேற. அண்ணாவின்ர கடதாசிகளில என்ர பேர் ஒரு இடமும் இல்லையாம்."

மயான அலுவலர் எங்களை ஒரு புற்றரைக்குக் கூட்டிப்போனார். கல் இல்லை, பெயர் இல்லை, வெட்டிய புல் மட்டும். சாம்பல் இதற்குள்தான், எந்த இடம் என்று சொல்ல முடியாது என்றார். தங்கச்சிக்கு ஜேர்மன் நன்றாகத் தெரியும், ஆனாலும் என்னைப் பார்த்து "என்ன சொல்லுறார்" என்று கேட்டார். நான் தமிழில் திரும்பச் சொன்னேன்.

"எங்கட ஆக்களை எரிக்கிறேல்லை அண்ணை" என்றார். "அம்மாவும் அப்பாவும் மண்ணுக்கதான். அண்ணாவும் அப்பிடித்தான் கேட்டவர். கால் ஏலாமல் போன நேரம் சொன்னவர், என்னைப் பெட்டியில வை, கால் நோகாமல் வை எண்டு."

இந்தியப் பெண் மெதுவாகச் சொன்னாள், எரித்த அன்றைக்குத் தான் மட்டும்தான் போனதாகவும், என்ன ஜெபம் சொல்வதென்று தெரியாமல் கைகூப்பி நின்றதாகவும். வீட்டைக் காலி செய்ய ஆட்கள் வந்தபோது மாதா படத்தை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அது தங்கச்சியின் துணிப்பைக்குள் இருந்தது. அவர் அதை எடுத்துப் புல்லின் மேல் சாத்தி வைத்துவிட்டு முழங்காலில் இருந்தார். நான் தள்ளி நின்றேன். செபமாலை முடிய எழும்பி, படத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"என்ர பிழைதான் அண்ணை. நான் ஒவ்வொரு நாளும் களம் பாக்கிறனான். முதல் பக்கம் மட்டும்தான். ரெண்டாம் பக்கத்துக்கு ஒருநாளும் போறேல்லை. பஞ்சி, சோம்பல். போயிருந்தா இந்தப் பிள்ளை எழுதினதைக் கண்டிருப்பன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. "அப்பிடிச் சொல்லாதேங்கோ தங்கச்சி" என்றுதான் வந்தது. அவர் அதை என் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு பெட்டி எடுத்துத் தந்தார், பயணத்துக்கென்று அவித்த கடலை. நான் வாங்கினேன். வாங்கித் தின்றேன். இதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு என்ன இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அமிழ்த்தியதை எடுத்துவிட்டேன். திரி மேலே வந்தது, இரங்கல்கள் வந்தன. "எங்கட மட்டுறுத்துநர் அண்ணை கூடப் போய் நிண்டவர், நன்றி" என்று அவர் எழுதினார். அதற்குக் கீழே முப்பது பேர் எனக்கு நன்றி சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆறு பத்துக்கு அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தொடங்கினேன். வேலைக்கு இடையில், குளிர் அறைக்குப் பக்கத்தில் நின்று, போனில் பார்ப்பேன். முதல் பக்கம் திறப்பார். இரண்டாம் பக்கம் திறப்பார். மூன்று, நான்கு, ஐந்து. கடைசியில் ஒன்பதாம் பக்கம் வரைக்கும் போவார். ஒன்பதாம் பக்கத்தில் என்ன இருக்கிறது, மூன்று வருடத்துக்கு முன்னர் யாரோ அரிசி எந்தக் கடையில் மலிவு என்று கேட்டது. அதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கி வேலைக்குப் போவார். அடுத்த நாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமையும். இரண்டு கிழமை நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேடுகிற பிழை என்னுடையது என்று ஒவ்வொரு நாளும் தெரிந்துகொண்டு பார்த்தேன். தட்டுகளை மாற்றி அடுக்கினேன், சர்க்கரை நோயாளிக்கு ஜாம் போய்விட்டது, மேற்பார்வைப் பெண் என்னைக் கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

அன்று மதியம் உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்து தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அவர் வேலையில்தான் இருந்தார். பின்னால் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, அந்தத் திரி தானா இறங்கேல்லை. நான்தான் கீழ தள்ளினனான்."

விளங்கவில்லை அவருக்கு. நான் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். மாமாவின் அறிவித்தலைப் பற்றிச் சொன்னேன். மச்சான் சொன்னதை, அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். பிள்ளை கூட வரச்சொல்லிக் கேட்டதை வாசித்துவிட்டு மூடியதையும் சொன்னேன். தள்ளுவண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை. பின்னேரம் அஞ்சு பத்துக்கு."

"நான் அடுத்த நாள் காலமை பாத்தனான்."

"ஓம். தெரியும்."

"உங்கட மாமாவுக்கு எழுதினனான்."

"ஓம் தங்கச்சி."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவரோ, துடைத்துக் கழுவிய ஒரு குரலில், "பேனை வைச்சிருக்கிறீங்களோ" என்று கேட்டார்.

"ஓம்."

"அண்ணாவுக்கு அறிவித்தல் இன்னும் போடேல்லை. ஒழுங்கா ஒண்டு எழுதுங்கோ. உங்கட விதிப்படி." பிறந்த ஊர் சொன்னார். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர். சமையலறைச் சீட்டொன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். "ஏன் பிந்தினதெண்டும் அதில எழுதுங்கோ. எனக்குச் சொன்ன மாதிரி எழுதுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"சரி."

"கடைசியில தகவல் எண்டு போடுவீங்கள்தானே. அதில என்ர பேர் வேண்டாம். உங்கட பேரைப் போடுங்கோ. களத்துப் பேர் இல்லை, அப்பா அம்மா வைச்ச பேர்."

போனை வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் எழுதினேன். மனைவி தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்று வாசித்தாள். "எங்கட அப்பாவுக்காகவோ உதைச் செய்தனீங்கள்" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்பா கேட்டவரோ?" என்றாள். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்த் தன் அறைக் கதவைச் சாத்தினாள். நான் தொடர்ந்து எழுதினேன். மன்னாரைப் பிறப்பிடமாகவும் கெல்சென்கிர்ச்சனை வதிவிடமாகவும் கொண்டவர். இன்னாரின் அன்பு மகன். இன்னாரின் அன்பு அண்ணன். ஏன் பிந்தியது என்பதை ஒன்பது வரியில் எழுதினேன், அநாதைப் பிணம் என்ற சொல்லையும் இந்தத் தரம் சேர்த்தேன். தகவல் என்ற இடத்தில் என் சொந்தப் பெயர், பதினோரு வருடத்தில் முதல் தடவை. முப்பத்தொரு நாள் எப்போதோ கழிந்துவிட்டது, என் விதிப்படி அதைக் குத்தி வைக்க ஏலாது. குத்தி வைத்தேன்.

இரவுக்குள் ஐம்பது பதில் வந்திருக்கும். அதில் இரங்கல் குறைவு. என்னை என்னென்ன சொல்லலாமோ எல்லாம் இருந்தது, முதலில் வந்தவன் மச்சான். நான் ஒன்றையும் அழிக்கவில்லை.

அடுத்த நாள் காலை குளிர் அறைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறு பத்துக்கு அவர் வந்தார். அறிவித்தலைத் திறந்தார். கனநேரம் அதற்குள் நின்றார். அன்றைக்கு அவர் இரண்டாம் பக்கத்துக்குப் போகவில்லை.